சட்டித்தலையனுக்குச் சொந்த ஊர் எது?

சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்றொரு பெயர் உண்டு. நேரு வைத்த பெயர் என்று ஊரே சொல்லும். வானம் பார்த்த கரிசல் பூமியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழிலை நட்டு வளர்த்த ஊருக்கு அந்தப் பட்டம் பொருத்தம்தான். ஆனால் ஒரு விஷயத்தில் பெரிய ஜப்பானும் குட்டி ஜப்பானும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இரண்டு இடத்திலும் ஓர் இரும்பு மனிதன் இருக்கிறான். இரண்டு பேருக்கும் நரை விழுந்த பிறகும் விட்டுப்போகாத ரசிகர்கள் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் பழசா புதுசா என்று ஓயாமல் மல்லுக்கு நிற்கிறது. ஜப்பானில் அந்தச் சண்டையிலிருந்து புதுக் கதை பிறக்கிறது. சிவகாசியில் மறுபதிப்பு பிறக்கிறது. தமிழ் ரசிகனுக்கு ஆசை குறைவு என்றோ கற்பனை குறைவு என்றோ சொல்லிவிடலாம். அது உண்மையில்லை.

ஜப்பான்காரனின் பெயர் கண்டம். முழுப்பெயர் 'மொபைல் சூட் கண்டம்'. தமிழில் எழுதினால் ஜோசியர் சொல்லும் கண்டத்தோடு குழம்பும். குழம்பினாலும் தப்பில்லை, இந்தத் தொடருக்குப் பிறந்த வருஷமே ஒரு கண்டம் வந்தது. 1979 ஏப்ரலில் நகோயா தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் இது. இயக்கியவர் யோஷியுகி டோமினோ. அதுவரை ராட்சத ரோபோ என்றால் வாரம் ஒரு அசுரனை அடித்துப் போடும் இரும்புச் சூரன் என்றுதான் பிள்ளைகள் பார்த்து வந்தார்கள். டோமினோ அதைச் சாதாரணப் போர்த் தளவாடமாக ஆக்கிவிட்டார். 18 மீட்டர் உயரம், உள்ளே உட்கார்ந்து ஓட்டுவது சண்டைக்கே மனசில்லாத ஒரு பையன், எதிரணியில் நிற்பவனுக்கும் சொல்ல ஒரு நியாயம். பொம்மை விற்பதற்காகப் பணம் போட்ட கம்பெனிக்கு இந்தத் தத்துவமெல்லாம் எதற்கு? பொம்மை ஓடவில்லை, பார்ப்பவர் எண்ணிக்கையும் ஏறவில்லை. 52 வாரத்துக்குத் திட்டமிட்ட கதையை 43-வது வாரத்தில் முடித்து மூட்டை கட்டினார்கள். அப்போதுதான் ரசிகர்கள் புகுந்தார்கள். அனிமேஷனுக்கென்றே புதிதாகத் தொடங்கியிருந்த மாத இதழ்களில் கல்லூரிப் பிள்ளைகள் இந்தப் போரின் வரலாற்றையும் இயந்திரங்களின் கணக்கையும் அலசித் தள்ளினார்கள். மறுஒளிபரப்பு வந்தது. 1980 ஜூலையில் பாண்டாய் கம்பெனி, பாகம் பாகமாக வெட்டி எடுத்து ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் மாடலை விற்க ஆரம்பித்தது; கடை வாசலில் வரிசை நின்றது. நாற்பத்தைந்து வருஷமாக நிற்கும் ஒரு சாம்ராஜ்ஜியத்தின் அஸ்திவாரம், தொலைக்காட்சி கைவிட்ட சரக்கை ரசிகர்கள் தூக்கி நிறுத்தியதில் இருக்கிறது.

இந்த வரலாற்றில் ஒரு நாளைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1981 பிப்ரவரி 22. முதல் கண்டம் திரைப்படம் வெளிவருவதையொட்டி டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். அனிமேஷனுக்கு ஒரு புது யுகம் பிறந்துவிட்டது என்ற பிரகடனம் அங்கே வாசிக்கப்பட்டது. வாசித்தவர்களில் ஒருவர் கதையின் வில்லன் ஷார் வேஷத்தில், முகமூடியும் சிவப்புச் சீருடையுமாக வந்த மமோரு நகானோ. 1984-ல் அதே நகானோ டோமினோவின் இன்னொரு தொடருக்கு ரோபோக்களை வடிவமைத்துக்கொண்டிருந்தார். ஹிடேயாகி அன்னோவின் கதையும் அதே வழிதான். ரசிகராகத் தொடங்கி, 1988-ல் வந்த கண்டம் திரைப்படத்தில் இயந்திர வடிவமைப்பு வேலை பார்த்தார். அதன் பிறகும் ரசிகபுத்தி போகாமல் 1993-ல் அந்தப் படத்தைப் பற்றி ஒரு ரசிகர் மலரைத் தொகுத்து வெளியிட்டார். 2025-ல் வந்திருக்கும் புதுத் தொடர் 'ஜீக்குவாக்ஸ்', அன்னோவின் காரா நிறுவனமும் கண்டத்தின் தாய்வீடான சன்ரைஸும் சேர்ந்து எடுத்தது. இயக்கம் கசுயா ட்சுருமகி, எழுத்தில் அன்னோவின் கையும் உண்டு. ஜனவரியில் முன்பகுதி திரைப்படமாக வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை 12 வாரம் தொடராக ஓடியது. கதையின் முடிச்சே ரசிகன் போட்ட முடிச்சு. 1979-ல் அந்த வெள்ளை ரோபோவுக்குள் நாயகன் ஏறாமல் வில்லன் ஷார் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போரில் தோற்ற அணி ஜெயித்திருக்கும். அந்த உலகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் பிள்ளை ரோபோ ஓட்ட வருகிறாள். தெருமுனை டீக்கடையில் 'அன்றைக்கு மட்டும் அந்தக் கேட்சை விடாமல் இருந்திருந்தால்' என்று பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துப் படம் போட்டிருக்கிறார்கள்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தது இங்கேதான். பழைய தொடரைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு இது தீபாவளி. புதிதாக வந்தவர்களுக்கோ, அடிக்குறிப்பு இல்லாமல் புரியாத உரைநடை. 1994-ல் பழைய காலக்கணக்கையே தூக்கி எறிந்து தற்காப்புக் கலைப் போட்டிக் கதையாக வந்த 'ஜி கண்டம்' தொடருக்கும், 2022-ல் பெண்ணை நாயகியாக வைத்து வந்த 'விட்ச் ஃப்ரம் மெர்க்குரி' தொடருக்கும் இதே மாதிரிக் கூச்சல் எழுந்தது. முன்னதை அன்று திட்டியவர்களிலேயே பலர் பிறகு கொண்டாடினார்கள். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியமில்லை. தோற்ற கட்சிக்கும் அடுத்த தொடர் என்று ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதுதான் முக்கியம்.

இனி குட்டி ஜப்பானுக்கு வருவோம். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. பதிப்பாளர் சௌந்தரபாண்டியன், ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய உடம்பு மறைந்துபோகும் மனிதன். 1984-ல் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், மீசை சரியாக முளைக்காத வயதில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அந்த லயனில்தான் ஆர்ச்சி வந்தான். குடுவை போன்ற தலை, தகரப்பெட்டி போன்ற மார்பு, டிராக்டர் சக்கரத்தைத் தூக்கிப் பந்தாடும் கை. தமிழ் வாசகர்கள் அவனுக்கு வைத்த செல்லப்பெயர் 'சட்டித்தலையன்'. பிறந்தது லண்டனில், அங்கேயும் 'லயன்' என்ற பெயரிலேயே வந்த வார இதழில், 1952 பிப்ரவரி 23 அன்று. வயதில் கண்டத்துக்கு இருபத்தேழு வருஷம் மூத்தவன். முதலில் ரேடியோ கருவியால் இயக்கப்பட்ட வெறும் இயந்திரம். பிற்பாடு குரலும் சுயபுத்தியும் கொடுத்தார்கள், கூடவே தற்பெருமையும் வந்து ஒட்டிக்கொண்டது. 1974-ல் அந்த இதழ் இன்னொரு இதழோடு கலந்தபோது அங்கே அவன் கதை முடிந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தமிழில் அவனுக்கு ஜாதகம் எழுதப்பட்டது.

சிவகாசியில் அவனுக்கு நடந்த மாற்றத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். லண்டனில் வாரத்துக்கு இரண்டு பக்கமாக, மாதக்கணக்கில் இழுத்த கதை, இங்கே ஒரே மத்தியானத்தில் படித்து முடிக்கும் கையடக்கப் புத்தகமாயிற்று. ஆங்கில வசனக் கூண்டை வெள்ளையாக்கி அதற்குள் தமிழை அடைத்தார்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழ்ச் சொல் நீளம். கூண்டு அதே அளவு. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் சுருக்கென்று வெட்டும் அந்த காமிக்ஸ் தமிழ். சாணித்தாளில், ஓரத்தில் மை கசிந்து, பின்னட்டையில் அடுத்த மாத வெளியீட்டின் விளம்பரத்தோடு வந்த புத்தகம். தலைப்புகளைப் பாருங்கள்: 'புரட்சித் தலைவன் ஆர்ச்சி' என்றொரு புத்தகம். எம்.ஜி.ஆர். காலத்துத் தமிழ்நாட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கே ஒரு ரோபோவுக்கு அப்படிப் பட்டம் சூட்ட முடியும்?

இந்த ரசிகர் கூட்டத்தைச் சின்னக் கூட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. இடையில் பல வருஷம் தட்டுத்தடுமாறி வந்த லயனும் முத்துவும் 2012-ல் நல்ல தாளும் வண்ண அச்சுமாகப் புது மூச்சோடு திரும்பியபோது கைகொடுத்தவர்கள் அவர்கள்தான். வருஷ ஆரம்பத்திலேயே முழுச் சந்தாவைக் கட்டிவிட்டு, கூரியர் டப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் ஊர் ஊராக ரயிலேறி வந்து ஆசிரியரோடு உட்கார்ந்து வருஷ அட்டவணையை அலசுகிறார்கள். 'மின்னும் மரணம்', 'இரத்தப் படலம்' போன்ற தலையணைத் தொகுப்புகளுக்கு அச்சேறும் முன்பே முன்பதிவுப் பணம் கட்டினார்கள். பேச்சும் ஜப்பான்காரர்களுடைய பேச்சுக்குக் குறைந்ததல்ல. கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லருக்கு எத்தனை இடம், கார்ட்டூனுக்கு எத்தனை, கிராபிக் நாவல் வேண்டுமா வேண்டாமா, மாயாவியையும் ஆர்ச்சியையும் ஸ்பைடரையும் இன்னும் எத்தனை தரம் மறுபதிப்புப் போடுவது என்று பிரிந்து நின்று வாதாடுகிறார்கள். ஒரு மொழிபெயர்ப்பு வசனத்தில் பழைய பதிப்பில் இருந்த ஒரு சொல் புதுப் பதிப்பில் மாறிவிட்டது என்று கண்டுபிடிக்கும் கண் அவர்களுக்கு உண்டு.

ஆனால் இந்த வாதம் எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். ஆர்ச்சியின் அடுத்த கதை எப்படி இருக்க வேண்டும் என்று தமிழ் ரசிகன் பேச முடியாது. பேசினாலும் பலனில்லை. ஆர்ச்சி வாடகைக்கு வந்தவன். அவன் உரிமை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கைமாறி, இப்போது ஆக்ஸ்போர்டில் இருக்கும் ரெபெல்லியன் என்ற வீடியோ கேம் நிறுவனத்திடம் இருக்கிறது. லூயிஸ் கிராண்டேலும் அங்கேதான். சிவகாசிக்குக் கிடைப்பது, ஏற்கெனவே வரைந்து முடித்த பக்கங்களைத் தமிழில் அச்சடிக்கும் அனுமதி. ஆகவே ரசிகனின் கையில் மிஞ்சுவது இரண்டே கேள்வி: எதைத் திரும்பப் போடலாம்? வெளிநாட்டிலிருந்து அடுத்து எதைக் கொண்டு வரலாம்? நகானோவைப் போல ஒரு தமிழ்ப் பையன் 1985-ல் ஆர்ச்சி வேஷம் போட்டிருந்தாலும், அவன் அடுத்து ஆர்ச்சியை வரைய வழி இருந்திருக்காது. ஜப்பானில் ரசிகன் படைப்பாளி ஆனதற்கும் இங்கே வாசகனாகவே நின்றுவிட்டதற்கும் காரணம் இதுதான். திறமையைக் குறை சொல்லிப் பயனில்லை, பட்டா வேறொருவர் பெயரில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பும் ஒரு படைப்புத்தானே, சட்டித்தலையன் என்ற பெயரை லண்டன்காரனா வைத்தான் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ் ஆர்ச்சியின் வாய்க்கொழுப்பு தமிழுக்கே சொந்தம். அதை எவனும் பிடுங்க முடியாது. மறுபதிப்புக் கேட்பவர்களை வெறும் பழங்கதைப் பித்தர்கள் என்று கிண்டல் செய்வோருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவர்கள் திரும்பக் கேட்பது ஆங்கிலக் கதையை அல்ல, சிவகாசியில் உருவான ஒரு தமிழ்ப் புத்தகத்தை. ஆனால் இரவல் நகையை எத்தனை அழகாகப் போட்டுக்கொண்டாலும் கல்யாணம் முடிந்ததும் கழற்றிக் கொடுக்கத்தான் வேண்டும். உரிமையாளர் மாறினால் ஒப்பந்தம் முதலிலிருந்து. அவர் கேட்கும் தொகை கட்டுப்படியாகாவிட்டால் மாயாவி நிஜமாகவே மாயமாகிவிடுவான்.

தமிழில் சொந்தமாகச் செய்தால் யார் வாங்குவார்கள் என்ற கேள்வி அடுத்தது. இது கொஞ்சம் கடினமான கேள்வி. பக்கத்துக்குப் பக்கம் புதிதாக வரைய ஆகும் செலவு, உரிமைத் தொகையைவிடப் பல மடங்கு. ஐரோப்பிய ஆல்பம் ஒன்றின் வரைச்செலவை அந்த ஊர் வாசகன் முன்பே கொடுத்து முடித்துவிட்டான். நாம் எச்சத்துக்குத்தான் விலை கொடுக்கிறோம். இந்தியில் ராஜ் காமிக்ஸ் 1986-ல் நாகராஜையும் அடுத்த வருஷம் அனுபம் சின்ஹாவின் துருவாவையும் சொந்தச் சரக்காக இறக்கி ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டது என்றால், அது இந்திச் சந்தையின் அகலம் என்று பதில் வரும். சரி, தமிழ்ச் சந்தைக்கே வருவோம். 1960-ல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு இன்னும் முடியவில்லை. முடியாத எதையும் கன்னித்தீவு என்று சொல்லும் அளவுக்கு மொழியிலேயே கலந்துவிட்டது. சிந்துபாத் அரபுக்கதை ஆசாமிதான், ஆனால் யாருக்கும் பட்டா இல்லாத ஆசாமி. அவனை வைத்து ஒரு தமிழ்ப் பத்திரிகை அறுபது வருஷத்துக்கு மேல் தன் இஷ்டப்படி கதை நீட்ட முடிகிறது. தமிழன் ரோபோவை ஏற்கமாட்டான் என்ற பயமும் வேண்டாம். சுஜாதாவின் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிக்கு விகடன் வாசகர்கள் வாரா வாரம் காத்துக்கிடந்தார்கள். 2010-ல் 'எந்திரன்' படத்தில் சிட்டி ரோபோக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ராட்சத உருவெடுத்ததை ஊரே தியேட்டரில் கைதட்டிப் பார்த்தது. முதலுக்கு வழியா? முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் கூட்டம், நான் மேலே சொன்ன அதே சந்தாக் கூட்டம், வேறெந்தத் தமிழ்ப் பதிப்பகத்துக்கும் எளிதில் அமையாத சொத்து.

வரைய ஆள் வேண்டாமா என்றால், அந்தக் கேள்வியை விருதுநகர் மாவட்டத்தில் நின்றுகொண்டு யாரும் கேட்கக் கூடாது. பக்கத்திலிருக்கும் கோவில்பட்டியில் கொண்டைய ராஜு தம் சீடர்களோடு உட்கார்ந்து வரைந்த முருகனும் லட்சுமியும்தான் சிவகாசிக் காலண்டராகித் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் தொங்கின. 1976-ல் அவர் இறக்கும்வரை, நாடகக் கொட்டகைத் திரைச்சீலையில் பழகிய கை, இந்த ஊர் லித்தோ அச்சுக்குத் தகுந்தபடி நிறத்தையும் நிழலையும் வகுத்துக் கொடுத்தது. இன்றும் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடும் ஊர் இது. ஆனால் அதே ஊரில் ஒரு பட்டாசு அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பளபளக்கும் லேபிளில் ஒரு சினிமா நடிகர், அல்லது சிலந்தி மனிதன், அல்லது டிவியில் ஓடும் ஏதோ ஒரு கார்ட்டூன் முகம். உள்ளே இருக்கும் மருந்து நம் ஊர்ச் சேர்மானம், திரி நம் ஊர்க் கை திரித்தது, மேலே இருக்கும் முகம் மட்டும் கடன். வித்தை கையில் இருந்தும் முகத்தை வெளியே தேடும் இந்தப் பழக்கம் காமிக்ஸுக்கும் தொற்றியிருக்கிறது என்பது என் கணிப்பு.

தமிழில் சொந்தப் படக்கதை முயற்சிகள் பல வந்து சுருண்டுவிட்டனவே என்பதும் உண்மை. வாண்டுமாமா எழுதி செல்லம் வரைந்த காலத்துக்குப் பிறகு, அந்த அளவு நிதானமான ஜோடி தொடர்ந்து அமையவில்லை. ஆனால் முதல் முயற்சி சுருண்டது என்பதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால், 43-வது வாரத்தில் நிறுத்தப்பட்ட கண்டத்துக்கும் அதே தீர்ப்புத்தான். நிறுத்தப்பட்ட பிறகும் விடாமல் பேசும் வாசகர்கள் இருந்தார்களா என்பதுதான் வித்தியாசம். தமிழில் அந்தப் பேச்செல்லாம் வெளிநாட்டுச் சரக்குக்கே செலவாகிறது. பெல்ஜியத்து ஆல்பத்தின் இருபதாவது பக்க வசனத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை ஒரு தமிழ்ப் படக்கதைக்குக் கொடுத்தால், அது முதல் புத்தகத்தில் தடுமாறினாலும் மூன்றாவதில் தேறும்.

ஓர் ஆட்சேபத்தை மட்டும் என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. ரசிகர்களிடம் சாவியைக் கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்கிறார்களே, அதற்கு ஜீக்குவாக்ஸே சாட்சி. பழைய தொடரின் நிழல் தெரியாதவன் அதன் கடைசிப் பகுதியில் திணறத்தான் செய்வான். இங்கே ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் லயன், முத்து வாசகரில் பெரும்பாலோர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிள்ளைகளாக இருந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஜப்பானியத் தொடர்களைத் தமிழ் டப்பிங்கிலேயே பார்க்கிறார்கள். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கே வந்தது. அப்பாக்களின் ஏக்கத்துக்கு மட்டும் கதை செய்தால் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் பூட்டிக்கொள்வதற்குக்கூட முதலில் ஒரு வீடு சொந்தமாக இருக்க வேண்டும். ஜப்பானில் ஒரு தொடர் உள்ளுக்குள் சுருங்கினால் அடுத்த தொடரில் வாசலைத் திறக்கிறார்கள். 1974-ல் நின்றுபோன ஆர்ச்சிக்கு அடுத்த தொடர் என்று ஒன்று சிவகாசியின் கையில் இல்லை.

ஆகவே லயன், முத்து வாசகர்களுக்கும் ஆசிரியர் விஜயனுக்கும் ஒரு விண்ணப்பம். மறுபதிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. சட்டித்தலையன் வரட்டும், கூடவே இரும்புக்கையும் வரட்டும். அடுத்த வருஷச் சந்தா அட்டவணையில் ஒரே ஒரு புத்தகத்துக்கு இடம் விடுங்கள். தமிழில் எழுதி, தமிழ்நாட்டுக் கை வரைந்து, உரிமைப் பக்கத்தில் சிவகாசி முகவரி போட்ட புத்தகம். கதாநாயகன் ரோபோவாக இருந்தாலும் சரி, தீப்பெட்டி ஆபீஸ் பையனாக இருந்தாலும் சரி. விலை மட்டும் பள்ளிக்கூடப் பையனின் சட்டைப்பையில் இருக்கும் காசுக்குள் இருக்கட்டும். பிடிக்காவிட்டால் அடுத்த ஆகஸ்டில் ஈரோட்டில் வைத்துத் திட்டுங்கள்.